நினைவகத்தைக் காக்கும் நிரல்மொழி

கணிப்பொறியின் நினைவகத்தை, எண்ணிடப்பட்ட கோடிக்கணக்கான அறைகள் கொண்ட நெடுந்தெரு எனலாம். எவ்வறை யாருக்கு ஒதுக்கப்பட்டது, எப்போது காலியாயிற்று என்னும் கணக்கில் பிழை நேர்ந்தால் நிரல் முழுதும் நிலைகுலையும்.

பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1972ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய 'சி' மொழியின் நிரல்கள் இயந்திர மொழியாகவே மாற்றப்படுவதால் விரைந்து இயங்குகின்றன. ஆனால், அம்மொழி இக்கணக்கை நிரல் எழுதுவோரின் கவனத்திற்கே விட்டுவிட்டது. பத்து எழுத்துகளுக்கான இடத்தில் இருபது எழுத்துகளை இட்டாலும் அது தடுப்பதில்லை. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய 'மாரிஸ் புழு' நுழைந்த வாயில்களுள் இவ்வகைப் பிழையும் ஒன்று. தான் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளே என மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019இல் தெரிவித்தது. தேர்ந்த வல்லுநர்க்கும் கவனம் மட்டும் போதாது என்பது இதனால் தெளிவாகும்.

ஜாவா போன்ற மொழிகள், பயனற்ற அறைகளை மீட்கும் பணியாள் ஒருவரை நிரலுடன் கூடவே ஓடச் செய்கின்றன. பாதுகாப்பு கிட்டுகிறது, நேரமும் இடமும் அதற்கு விலையாகின்றன.

இவ்விலையின்றிக் காக்க இயலுமா? கிரேடன் ஹோர் 2006இல் தொடங்கி, மொசில்லாவின் ஆதரவில் வளர்ந்து, 2015 மே மாதம் 1.0 பதிப்பாக வெளிவந்த 'ரஸ்ட்' மொழி இதற்கு விடை தந்தது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிமையாளர் ஒருவரே. அவர் காலம் முடிந்ததும் இடம் தானே விடுவிக்கப்படும். பொருளை இரவல் தரலாம். படிப்போர் பலர் இருக்கலாம். அன்றேல் திருத்துவோர் ஒருவர் இருக்கலாம். இரண்டும் ஒருசேர ஆகா.

ஏன் இத்துணைக் கண்டிப்பு? ஒரு பட்டியலின் முதற்பொருள் உள்ள முகவரியை ஒருவர் குறித்து வைத்திருக்க, மற்றொருவர் பட்டியலை நீட்டுகிறார் என்க. இடம் போதாமல் பட்டியல் வேறிடத்திற்குக் குடிபெயரும். முன்னவர் கையில் எஞ்சுவதோ பழைய முகவரி! இத்தகைய பிழையை, இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், மாற்றுமுன்பே கண்டு மறுத்துவிடும்.

எளிய மொழியொன்றை நாமே வகுப்பதாயின், செயற்கூறுகளை அழைக்கும்போது மட்டும் இரவலை அனுமதிக்கலாம். அதைச் சேமிக்கவோ திருப்பியளிக்கவோ தடை விதிக்கலாம். செயற்கூறு முடியும்போதே இரவலும் முடியும். ஒரே அழைப்பில் ஒரே பொருளைப் படிக்கவும் திருத்தவும் தரவில்லையா என்பதைச் சோதித்தால் போதும். சில வசதிகள் குறையினும் கம்பைலர் எளிதாகும். பட்டியலின் எல்லையை மட்டும் நிரல் ஓடும்போதே சோதிக்கவேண்டும்.

அதுவும் காலவிரயம் என்பார்க்கு, டோனி ஹோர் 1980ஆம் ஆண்டு டியூரிங் விருதுரையில் கூறியது விடையாகும். தாம் அமைத்த அல்கால் கம்பைலரிலிருந்து எல்லைச் சோதனையை நீக்கும் வசதி வேண்டுமா என வாடிக்கையாளரை வினவியபோது, வேண்டாம் என்றே அனைவரும் வற்புறுத்தினராம். பிழையின் விலையை அவர்கள் அறிந்திருந்தனர். விரைவை நாடும் நம் மாணவர்களும் அதை அறிந்து மொழி வகுப்பார்களாக!