மருத்துவத் தகுதிச் சான்று: வெளிநாட்டுப் பணிக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

மாதவரம், திருவொற்றியூர், எண்ணூர், இராயபுரம் பகுதிப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு ஒரு வாக்கியம் நன்கு பழகியிருக்கும்: "அப்பா மெடிக்கல் போட்டிருக்காரு சார்." லாரி ஓட்டுநர், வெல்டர், ஃபிட்டர், கப்பல் பணியாளர் என்று வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ புறப்படும் பெற்றோர் எல்லோரும் கடக்க வேண்டிய வாசல் அந்த மருத்துவப் பரிசோதனை. கற்பிக்கும் பணிக்காக வெளிநாடு செல்லும் ஆசிரியர்களுக்கும் அதே வாசல்தான். ஆனால் அந்தப் பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள், ஏன் பார்க்கிறார்கள், 'அன்ஃபிட்' என்று வந்தால் அடுத்து என்ன செய்வது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

அரசுப் பணியில் சேரும் முன் நான் மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் கணக்கு கற்பித்தேன். அந்த அனுபவத்தையும், இங்கே பெற்றோரிடம் கண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

யாருக்காக இந்தப் பரிசோதனை?

வெளிநாட்டு வேலைக்கான உடற்சோதனை நமக்குப் புதியதல்ல. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்டது. அக்காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களையும் கப்பலில் ஏற்றும் முன் மருத்துவர் பார்த்தார். கரும்புத் தோட்ட வேலையை அந்த உடல் தாங்குமா என்பதே முதன்மைக் கேள்வி. இன்று உடல் வலிமையோடு தொற்றுநோயும் பார்க்கப்படுகிறது. இரண்டு காலத்திலும் ஒன்று பொது: பரிசோதனை நடப்பது அழைக்கும் நாட்டின் தேவைக்காக. நமக்குச் சிகிச்சை தருவது அதன் நோக்கம் அல்ல. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

மாலத்தீவையே எடுத்துக்கொள்வோம். மலேரியா இல்லாத நாடு என்ற சான்றை உலக சுகாதார நிறுவனம் 2015இல் அதற்கு வழங்கியது. யானைக்கால் நோயை ஒழித்ததற்கான அங்கீகாரம் 2016இல் கிடைத்தது. நோய் ஒழிந்தாலும் கொசு ஒழியவில்லை. வெளியிலிருந்து வரும் ஒருவரின் இரத்தத்தில் கிருமி இருந்து, உள்ளூர்க் கொசு அதை எடுத்துப் பரப்பினால் பல ஆண்டு உழைப்பு வீணாகும். அதனால்தான் வேலை அனுமதி கேட்டு வருபவரிடம் இந்நோய்களைத் தேடுகிறார்கள்.

இந்தியாவும் இதையே செய்கிறது. மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் இல்லை. அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு ஏராளமாக இருக்கிறது. எனவே அந்நோய் உள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து தடுப்பூசிச் சான்று இல்லாமல் வருபவரை 6 நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. அந்நாடுகளில் கற்பிக்கச் செல்வோர் சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலோ, துறைமுக சுகாதார அமைப்பிலோ இந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம். போட்ட 10ஆம் நாளிலிருந்து சான்று செல்லுபடியாகும். 2016 முதல் ஒரு தவணைச் சான்றே வாழ்நாள் முழுவதற்கும் போதும்.

நாட்டுக்கு நாடு நடைமுறை

சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு வளைகுடா நாடுகளுக்கும் பொதுவான விதிமுறைகள் உள்ளன. 'காம்கா மெடிக்கல்' என்று நம் ஊரில் இன்னும் சொல்லப்படுவது இப்போது 'வாஃபித்' என்ற இணையதளம் வழியாக நடக்கிறது. அதில் பதிவு செய்து கட்டணம் கட்டினால், அங்கீகாரம் பெற்ற மையத்துக்கான சீட்டு கிடைக்கும். கத்தாருக்குச் சென்னையிலேயே தனி விசா மையம் உண்டு. கைரேகைப் பதிவும் மருத்துவப் பரிசோதனையும் அங்கே நடக்கின்றன. வளைகுடாவில் இறங்கிய பிறகு மீண்டும் ஒரு பரிசோதனை இருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

சிங்கப்பூரில் 'வொர்க் பெர்மிட்' பெறுவோர் அங்கு சென்ற இரண்டு வாரத்துக்குள் காசநோய், எச்ஐவி, சிபிலிஸ், மலேரியா ஆகிய நான்குக்கும் பரிசோதிக்கப்படுகிறார்கள். பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கச் செல்லும் இந்தியர், அந்நாடு அங்கீகரித்த மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனை செய்து சான்று பெற வேண்டும். அது 6 மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் ஐயம் வந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். அதன் முடிவுக்கு 8 வாரம் வரை ஆகலாம். பணியில் சேரும் நாளுக்கு முன் போதிய அவகாசம் வேண்டும் என்பது இதனால்தான்.

என்னென்ன பார்க்கிறார்கள்?

வளைகுடாப் பரிசோதனையில் பொது உடற்சோதனை, இரத்த அழுத்தம், கண்பார்வை, இரத்தம், சிறுநீர், மலம், மார்பு எக்ஸ்ரே ஆகியவை உண்டு. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், தொழுநோய், காசநோய் ஆகியவை தகுதியை இழக்கச் செய்யும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும், சிறுநீரகச் செயலிழப்பும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நாற்பது வயதைக் கடந்த ஆசிரியர்கள் சர்க்கரையையும் அழுத்தத்தையும் மூன்று மாதம் முன்பிருந்தே சீராக்கிக்கொள்வது நல்லது. சோதனை நாளில் வழக்கமான மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருத்துவர் எழுதிய சீட்டைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். கருவுற்றிருக்க வாய்ப்புள்ள ஆசிரியைகள் எக்ஸ்ரேக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

பழைய தழும்பு

பலருடைய பயணம் தடைபடும் இடம் மார்பு எக்ஸ்ரே. எக்ஸ்ரே என்பது நிழற்படம். நுரையீரலில் ஒரு நிழல் இருப்பதைக் காட்டும். அது இன்றைய நோயா, சிறு வயதில் வந்து ஆறிய தழும்பா என்பதை எல்லா நேரமும் அதனால் சொல்ல முடியாது. வளைகுடா விதிமுறைகளிலோ ஆறிய தழும்பும்கூடத் தகுதியின்மைக்குக் காரணமாகலாம். நோயே இல்லாதவர் 'அன்ஃபிட்' ஆவது இப்படித்தான்.

என்னோடு மாலத்தீவுக்கு வந்த ஆசிரியர் ஒருவருக்கு எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்தது. பள்ளிப் பருவத்தில் அவருக்குக் காசநோய் வந்து குணமாகியிருந்தது. சிகிச்சையை முடித்த சான்றையும் பழைய எக்ஸ்ரே படத்தையும் அவர் பெட்டியில் வைத்திருந்தார். பழைய படத்திலும் அதே நிழல் அதே அளவில் இருந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. மூன்று வாரக் காத்திருப்புக்குப் பின் அனுமதி கிடைத்தது. எல்லா நாடும் இப்படி ஏற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காகிதங்கள் இல்லையென்றால் பேசவே இடம் இருந்திருக்காது.

சீட்டு சொல்லாதது

இன்னொரு நிகழ்வு எங்கள் பகுதியில் நடந்தது. என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். மனைவியின் நகையை அடகு வைத்து ஏஜெண்டிடம் பணம் கட்டிவிட்டு மெடிக்கலுக்குப் போனார். 'அன்ஃபிட்' என்றார்கள். ஏன் என்று யாரும் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. போன பணத்தைப் பற்றிய கவலையில் மீண்டும் லாரி ஏறிவிட்டார். மூன்று மாதம் கழித்து மாணவி தொடர்ந்து விடுப்பு எடுக்க, விசாரித்தபோது, "அப்பாவுக்கு ராத்திரியெல்லாம் இருமல் சார்" என்றாள். அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்தபோது காசநோய் உறுதியானது. வீட்டில் இருந்த எல்லோரையும் சோதித்தார்கள். மாணவிக்கு நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தடுப்பு மருந்து தொடங்கினார்கள். ஆறு மாதச் சிகிச்சையில் தந்தை குணமானார்.

அந்த மூன்று மாதமும் அவர் கையில் ஒரு நோயின் அறிகுறி எழுத்தில் இருந்தது. ஆனால் அது பயண அனுமதியின் மொழியில் இருந்ததால் நோயைப் பற்றி அவருக்கு எதுவும் சொல்லவில்லை. 'அன்ஃபிட்' என்ற சொல்லுக்கு நோயாளி என்று பொருள் இல்லை. கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் பொருள் இல்லை. அரசு மருத்துவமனைக்குப் போய்க் காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்பதே பொருள்.

காரணம் தெரிந்தால் வழி இருக்கிறது. காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் வழங்கப்படும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம், மருத்துவ விடுதிக்கு அனுப்பத் தேவையில்லை என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு நம் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நடந்ததுதான். ஹெபடைடிஸ் சி பெரும்பாலோருக்கு மாத்திரையால் குணமாகிறது. ஹெபடைடிஸ் பி வராமல் காக்கத் தடுப்பூசி உண்டு. எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் நம்பிக்கை மையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த முடிவை ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் பிறருக்குச் சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பணம் கட்டும் முன்

வெளிநாட்டுப் பணியை எண்ணும் ஆசிரியருக்கும், நம்மிடம் யோசனை கேட்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டியவை இவை:

1. ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன், அரசு மருத்துவமனையில் மார்பு எக்ஸ்ரே, சர்க்கரை, இரத்த அழுத்தம், ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. பழைய எக்ஸ்ரே, சிகிச்சைச் சான்று, தடுப்பூசி அட்டை ஆகியவற்றைப் பாஸ்போர்ட்டைப் போலவே பத்திரப்படுத்த வேண்டும்.

3. 'அன்ஃபிட்' என்றால் காரணத்தைக் கேட்டு, எக்ஸ்ரே மற்றும் பரிசோதனை அறிக்கையின் நகலை வாங்கிக்கொண்டு அரசு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

4. 'ஃபிட் சான்று வாங்கித் தருகிறேன்' என்பவரை நம்பக் கூடாது. அங்கே மறுபரிசோதனையில் தெரிந்தால் திருப்பி அனுப்பப்படுவோம், சிகிச்சையும் தாமதமாகும்.

5. பதிவு பெற்ற முகவரிடம் மட்டுமே செல்ல வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

6. அரசுப் பணியில் இருப்போர் துறையின் முன் அனுமதி பெற்ற பிறகே எந்த நடவடிக்கையையும் தொடங்க வேண்டும்.

உயர்நிலை வகுப்புகளில் தொற்றுநோய்ப் பாடம் நடத்தும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம்: "வெளிநாடு போகிறவருக்கு ஏன் எக்ஸ்ரே எடுக்கிறார்கள்?" பிள்ளைகள் வீட்டில் போய் இதைப் பேசுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை வேண்டும் என்ற செய்தி, நாம் போக முடியாத வீடுகளுக்கும் அவர்கள் வழியாகப் போய்ச் சேரும்.