உதவிக்கு உரியார் யார்?

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, தென்காசிக்கு வடக்கே அமைந்த ஊர் கடையநல்லூர். நெசவும் உழவும் அவ்வூரின் பழைய தொழில்கள். பெண்டிர் பலர் வீட்டிலிருந்தே பீடி சுற்றுவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலிக் கணக்கு. இலையும் தூளும் வந்த வாரம் கூலி உண்டு. வாராத வாரம் இல்லை. அத்தகைய வீட்டுப் பெண்ணொருத்தி கல்லூரியில் சேர்ந்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்குங்கால், குடும்பத்தின் ஆண்டு வருமானம் யாதென அப்படிவம் வினவுகின்றது. தாயே அறியாத கணக்கை மகள் எங்ஙனம் எழுதுவாள்?

வறுமையை அளக்கும் கோல் எது என்பதே இத்தகைய திட்டங்களில் எழும் முதற் கேள்வி.

வருமானம் பழைய கோல். ஆதிதிராவிட மாணவர்க்குப் பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட கல்விக்கு வழங்கும் உதவித்தொகை 1944-ஆம் ஆண்டில் தோன்றியது. மத்திய அரசு 2021-இல் திருத்திய நெறிமுறைப்படி, அதனைப் பெறுவார்தம் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2,50,000 ரூபாய்க்கு மிகுதல் ஆகாது. 2,49,000 ரூபாய் ஈட்டும் வீடு வரம்பிற்குள் நிற்கும். 2,51,000 ரூபாய் ஈட்டும் வீடு வெளியே நிற்கும். இரு வீட்டு அடுப்பிலும் வேறுபாடு காண்டல் அரிது. வருமானச் சான்றிதழை வருவாய்த்துறையினர் வழங்குவர். மாதச் சம்பளக்காரர்க்குச் சம்பளச் சீட்டே சான்று. கூலிக்காரர்க்கு விசாரணையும் மதிப்பீடுமே சான்று.

தமிழக அரசு 2010-இல் வேறொரு கோலைக் கைக்கொண்டது. குடும்பத்தில் முன்னர் ஒருவரும் பட்டம் பெறாதிருத்தலே அதன் தகுதி. வருமான வரம்பு இல்லை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழிப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளிற் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக்கட்டணச் சலுகை கிடைத்தது. தமையன் பட்டம் பெற்றுவிட்டால் தங்கைக்கு அச்சலுகை இல்லை. பட்டம் பெற்ற தமையன் வேலையின்றி இருப்பின், அவ்வீட்டின் வறுமை எவ்வாற்றான் குறைந்தது என்பது விளங்கவில்லை.

மூன்றாவது கோல் பள்ளி. திருமணத்திற்குப் பொருள் தந்துவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டம், உயர்கல்விக்குத் துணைபுரியும் திட்டமாக மாற்றப்பட்டு, 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் 'புதுமைப் பெண்' என்னும் பெயரால் தொடங்கப்பெற்றது. தாலிக்கு வந்த பொன் ஏட்டுக்கும் எழுதுகோலுக்கும் வந்ததெனலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்ற பெண், கல்லூரிப் படிப்பு முடியுமளவும் மாதந்தோறும் 1,000 ரூபாய் தன் வங்கிக் கணக்கிற் பெற இத்திட்டம் வகைசெய்தது. பிற உதவித்தொகை பெறுவாரும் இதற்குத் தகுதியுடையர். கடையநல்லூர்ப் பெண் தாயின் கூலியை எண்ண வேண்டுவதில்லை; தான் பயின்ற பள்ளியைச் சொன்னாற் போதும். ஆடவர்க்கென 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டு 9-ஆம் நாள் பிறந்தது.

எனினும், இக்கோலும் கோணலின்றி அமையவில்லை. நெல்லைச் சீமையில் அரசு உதவிபெறும் பள்ளிகள் மிகப் பல. ஒரே தெருவில் வாழ்ந்த தோழியர் இருவருள் அரசுப் பள்ளியிற் பயின்றவள் தொகை பெற்றாள். உதவிபெறும் பள்ளியிற் பயின்றவள் பெற்றிலள். இக்குறை 2024 டிசம்பர் 30-ஆம் நாள் நீங்கத் தொடங்கியது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிற் பயின்ற பெண்களுக்கும் திட்டம் அன்று தூத்துக்குடியில் விரிவாக்கப்பட்டது. அதே பள்ளிகளில் ஆங்கிலவழியிற் பயின்ற பெண் அவ்விரிவிலும் அடங்கவில்லை.