திருமலைக் கல்வெட்டுகளும் பாசனப் பொருளாதாரமும்

நூலகம், கலைக்கூடம், ஆராய்ச்சி நிலையம் ஆகியவை பழம்பொருள்களைப் பாதுகாக்கும் இடங்கள் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. பாதுகாத்தவற்றைப் படித்து, பதிப்பித்து, ஆய்வாளர் கையில் சேர்ப்பதும் அவற்றின் கடமையாகும். அவ்வாறு செய்வதால் விளையும் பயனுக்குத் திருப்பதி நல்லதோர் எடுத்துக்காட்டு.

திருமலையிலும் திருப்பதியிலும் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோர் இவற்றைப் படித்து ஆராய்ந்தனர். 1930களில் தேவஸ்தானம் இவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. 1939இல் தேவஸ்தானத்தின் ஆதரவில் ஸ்ரீ வேங்கடேசுவரா கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பின்னர் 1956இல் அது ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. அங்குப் பணியாற்றிய வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, கோயிலில் இருந்த செப்பேடுகளிலிருந்து தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டார்.

கல்வெட்டுகள் கூறும் செய்தி பொருளாதார மாணவரின் தனிக் கவனத்திற்கு உரியது. விசயநகரப் பேரரசின் காலத்தில் அரசரும் அதிகாரிகளும் வணிகரும் கோயிலின் திருப்பண்டாரத்தில் பணம் செலுத்தினர். அப்பணம் முடங்கிக் கிடக்கவில்லை. கோயிலுக்கு உரிய திருவிடையாட்டக் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் அமைக்க அது செலவிடப்பட்டது. நீர் பெற்ற நிலத்தில் கூடுதலாக விளைந்ததைக் கொண்டு கொடையாளியின் பெயரால் நாள்தோறும் அமுதுபடி நடைபெற்றது. படைத்த அமுதில் நாலில் ஒரு பங்கு அவருக்கு உரியது. ‘விட்டவன் விழுக்காடு’ என்பது அதன் பெயர். அப்பங்கைத் தாமே பெறாமல் மடத்திற்கோ இராமானுச கூடத்திற்கோ எழுதி வைத்தவர்களும் உண்டு.

சுருங்கக் கூறின், கொடை முதலீடாயிற்று. முதலீடு பாசனத்தைப் பெருக்கியது. அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட கட்டுரையில், இடைக்காலத் தென்னிந்தியக் கோயிலின் பொருளாதாரப் பணியை இக்கல்வெட்டுகளின் துணைகொண்டு விளக்கினார். கல்வெட்டுகள் அச்சில் வந்திராவிடில் அத்தகைய ஆய்வு எளிதில் நிகழ்ந்திராது. எனினும் இச்சான்றுகளுக்கு ஓர் எல்லை உண்டு. கொடையாளியின் பெயரையும் பங்கையும் விரிவாகக் கூறும் கல்வெட்டு, ஏரியில் மண் சுமந்தவர் பெற்ற கூலியைப் பெரும்பாலும் கூறுவதில்லை. அதனை வேறு சான்றுகளிலிருந்தே அறிய வேண்டும்.

மொழியைப் பற்றிய கேள்வியும் இங்கு எழுகிறது. சத்தியவேடு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களைச் சேர்ந்திருந்த இப்பகுதி, எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரப் பிரதேசத்துடன் இணைந்தது; சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்குகிறது. நிருவாக எல்லை இவ்வாறு மாறினும், இப்பகுதியின் வரலாற்றுச் சான்றுகள் மொழிவாரியாகப் பிரிந்து கிடப்பவை அல்ல. அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் செப்பேட்டில் தெலுங்கில் உள்ளன. அவருடைய மகன் பெரிய திருமலாச்சாரியார் செய்த கொடைகளையோ கல்வெட்டுகளில் காண்கிறோம். ஒரு குடும்பத்தின் வரலாற்றை முழுமையாக அறியவே இரண்டு தொகுப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டியுள்ளது.

ஆகவே, தமிழும் தெலுங்கும் அறிந்து வளரும் எல்லைப்புற மாணவர் இவ்வாய்வுக்கு இயல்பாகவே தகுதி பெற்றவர் ஆவார். பழைய எழுத்தைப் படிக்கும் பயிற்சி, எளிதில் கிடைக்கும் விளக்க அட்டவணை, அச்சுத் தொகுதிகள் இருக்கும் நூலகம் ஆகிய மூன்றும் அவருக்குத் தேவை. கட்டடத்திற்கும் காட்சிப் பேழைக்கும் நிதி ஒதுக்கும் அதிகாரிகள், படிக்கத் தெரிந்தவரை உருவாக்குவதையும் அத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். படிப்பார் இல்லையேல், எவ்வளவு பாதுகாத்தாலும் கல்வெட்டு வெறும் கல்லாகவே நின்றுவிடும்.