பூமித் தொடர்பில் தடை மிகுதல்: காரணமும் பரிகாரமும்

மின்சார இஸ்திரிப் பெட்டியின் உள்ளே கம்பியின் உறை தேய்ந்து, மின்சாரம் அதன் உலோக உடலை அடைந்துவிட்டதெனக் கொள்வோம். அதனைத் தொடுபவரின் உயிரைக் காப்பது எது? பியூஸ் என்றே பலரும் விடை கூறுவர். ஆனால் போதிய மின்னோட்டம் பாய்ந்தாலன்றிப் பியூஸ் உருகாது. பழுது நேர்ந்தபோது எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை, அது சுற்றிவரும் வழியின் மொத்த மறிப்பே தீர்மானிக்கிறது. அவ்வழியையே பூமிப்பழுது வட்டம் என்கிறோம்.

டிரான்ஸ்பார்மரின் சுருள், வீதிக் கம்பி, வீட்டு வயரிங், பழுதுற்ற சாதனம், எர்த்துக் கம்பி, வீட்டின் எர்த்துக் குழாய், மண், டிரான்ஸ்பார்மரின் எர்த்து ஆகிய அனைத்தும் இவ்வட்டத்தின் உறுப்புகளாகும். நம் நாட்டு ஊர்ப்புற இணைப்புகள் பலவற்றில் மின்னோட்டம் மண்ணின் வழியாகவே திரும்ப வேண்டியுள்ளது. இவ்வுறுப்புகளுள் மிகுந்த தடை உடையதும் பெரும்பாலும் மண்ணேயாகும்.

மலை மண்ணின் இயல்பு

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியமலையை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது போனக்காடு. பிரிட்டிஷார் காலத்துத் தேயிலைத் தோட்டமும், தொழிலாளர் குடியிருக்கும் பழைய லயங்களும் கொண்ட மலைப்பகுதி அது. இத்தகைய மலைச்சரிவுகளில் மழை மிகுதியாகப் பெய்யினும், பல இடங்களில் பாறையின்மீது மெல்லிய மண்ணே படிந்திருக்கும். குழாயைப் போதிய ஆழத்திற்கு இறக்க இயலாது. இறக்கினும் அதனைச் சூழ்வது பெரும்பாலும் கல்லாகவே இருக்கும்.

இதன் விளைவைக் கணக்கிட்டு நோக்குவோம். 2.5 மீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் விட்டமும் உடைய குழாயை, 100 ஓம்-மீட்டர் தன்தடை உள்ள ஈர மண்ணில் நட்டால், அதன் தடை ஏறத்தாழ 33 ஓம். தன்தடை 1000 ஓம்-மீட்டராக உள்ள பாறை நிலத்தில் அதே குழாயின் தடை ஏறத்தாழ 330 ஓம் ஆகிவிடும். 230 வோல்ட் அழுத்தத்தில் அப்போது பாயும் மின்னோட்டம் முக்கால் ஆம்பியருக்கும் குறைவே. 5 ஆம்பியர் பியூஸும் இதனால் உருகாது. சாதனத்தின் உடலோ 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில், பார்வைக்கு யாதொரு மாறுதலுமின்றி நின்றுகொண்டிருக்கும். மனிதர் தொடத்தக்க பாகத்தில் நீடித்து நிற்கக்கூடிய அழுத்தத்தின் எல்லை பொதுவாக 50 வோல்ட் என்றே கொள்ளப்படுகிறது.

பழுதின் இடத்தைக் காணுதல்

அளவுமானி மிகுந்த எண்ணைக் காட்டியவுடன் மண்ணைத் தோண்டலாகாது. பின்வரும் முறையைக் கையாளுதல் நலம்.

முதலாவதாக, மானியையே ஐயுறுக. அதன் கம்பிகளின் சொந்தத் தடையைக் கழித்து, முனைகளைச் சுத்தமான உலோகத்தில் அழுத்தி, மும்முறை அளக்கவும். கசிவுமின் முறிப்பானை விழச் செய்யாத வகையில் சிறு மின்னோட்டத்தால் அளக்கும் முறையில், ஓம்மின் சிறு பின்னங்களை நம்புவதற்கில்லை.

இரண்டாவதாக, மெயின் போர்டில் ஒரு முறையும், மிகத் தொலைவிலுள்ள பிளக்கில் ஒரு முறையும் அளந்து, இரண்டின் வித்தியாசத்தைக் குறிக்கவும். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும், 1.5 சதுர மில்லிமீட்டர் எர்த்துக் கம்பியும் 30 மீட்டர் சென்றால், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 0.6 ஓம் தடையே தரும். வித்தியாசம் இதனை ஒட்டியிருப்பின் வயரிங்கில் குறையில்லை. பல ஓம்கள் மிகுந்திருப்பின், தளர்ந்த திருகு, அறுந்த எர்த்துக் கம்பி, துருவேறிய இணைப்பு ஆகியவற்றை ஒவ்வொரு பிளக்காகத் தேடுக. ஒரு பிளக்கில் மட்டும் எண் உயர்ந்தால் குறை அங்கேயே உள்ளது. ஓரிடத்திற்கு அப்பாலுள்ள எல்லாவற்றிலும் உயர்ந்தால், அவ்விடத்து இணைப்பில் உள்ளது.

மூன்றாவதாக, மெயின் போர்டிலேயே எண் மிகுந்திருப்பின், குழாயின் தலையிலுள்ள கிளாம்பையும் அதனோடு சேரும் கம்பியையும் பார்க்கவும். அவை செம்மையாயின், மெயின் சுவிட்சை அணைத்த பின்னரே எர்த்துக் கம்பியைக் கழற்றி, எர்த்து மானியால் குழாயின் தடையைத் தனியே அளக்கவும். மின்சாரம் ஓடும்போது அக்கம்பியைக் கழற்றுவது உயிருக்கு ஆபத்து. இவ்வேலைகள் யாவும் உரிமம் பெற்றவர் செய்யத்தக்கவை.

தகும் பரிகாரமும் தகாததும்

ஈரம் தங்கும் இடமாகத் தேர்ந்து மற்றொரு குழாய் நட்டு முன்னையதோடு இணைக்கலாம். இரண்டிற்கும் இடையே குழாயின் நீளத்தைப்போல் இரு மடங்கேனும் இடைவெளி வேண்டும். உப்பும் கரியும் இடுதல் பயன் தருமாயினும், பெருமழை உப்பைக் கரைத்துச் சென்றுவிடும். உப்பு உலோகத்தையும் அரிக்கும்.

பாறை நிலத்தில் இவற்றால் மட்டும் தடையைப் போதிய அளவு குறைத்தல் அரிது. 16 ஆம்பியர் ‘சி’ வகை எம்.சி.பி. உடனே விழ 160 ஆம்பியர் தேவைப்படலாம். அதற்கு வட்டத்தின் மறிப்பு 1.4 ஓம் அளவில் இருத்தல் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுமின் முறிப்பானோ 330 ஓம்மிலும் தயங்காது விழும். எனவே மலைப்பகுதி வீடுகளுக்கு அது இன்றியமையாததாகும்.

எண்ணைக் குறைத்துக் காட்டும் பொருட்டு நியூட்ரல் கம்பியை எர்த்தோடு வீட்டினுள் பிணைப்பாரும் உளர். மானி நல்ல எண்ணையே காட்டும். ஆனால் வெளியே நியூட்ரல் அறுந்த நாளில், வீட்டிலுள்ள உலோக உடல்கள் அனைத்திலும் மின்சாரம் ஏறிவிடும். தடித்த பியூஸ் கம்பி இடுவதும் இத்தகைய கேடே.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் வீட்டு மின்சாரத்தைத் தொடாமலே இதனை விளக்கலாம். தட்டில் உலர்ந்த மணலிட்டு இரண்டு ஆணிகளை நட்டு, 9 வோல்ட் மின்கலத்தையும் மில்லி அம்மீட்டரையும் தொடராக இணைக்கவும். முள் அசையாது. நீர் ஊற்றினால் சிறிது நகரும். உப்புநீர் ஊற்றினால் நன்கு நகரும். பின்னர் மணலை நல்ல நீரால் பலமுறை அலசினால், முள் பின்வாங்குவதை மாணவர் காண்பர். மழை செய்வதும் இதுவே.

கசிவுமின் முறிப்பானிலுள்ள சோதனைப் பொத்தான், அச்சாதனம் இயங்குகிறதா என்பதை மட்டுமே அறிவிக்கும். எர்த்துக் கம்பி அறுந்திருப்பினும் பொத்தானை அழுத்தியவுடன் அது விழும். ஆகையால் பொத்தானை அழுத்துவதோடு நில்லாமல், மண் மிக உலர்ந்திருக்கும் கோடைக் காலத்தில் ஆண்டுதோறும் வட்டத்தின் மறிப்பை அளந்து பதிவேட்டில் குறித்து வருதல் வேண்டும்.