நஞ்சுக்கொடி மாத்திரை தாய்மார்களுக்குப் பலன் தருமா?

குழந்தை பிறந்தபின் வெளிவரும் நஞ்சுக்கொடியை உலர்த்திப் பொடியாக்கி, கேப்சூல்களில் அடைத்துத் தாயே உட்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் பரவியுள்ளது. மனச்சோர்வு நீங்கும், தாய்ப்பால் பெருகும், இரும்புச்சத்து கூடும் என நம்பப்படுகிறது. இவற்றுக்கு உறுதியான மருத்துவ ஆதாரம் இல்லை. லாஸ் வேகாஸிலுள்ள நெவாடா பல்கலைக்கழக ஆய்வில், மாட்டிறைச்சிப் பொடி உட்கொண்ட பெண்களைவிட நஞ்சுக்கொடிப் பொடி உட்கொண்டோருக்கு இரும்புச்சத்து குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை.

ஆபத்து குறித்த பதிவோ உள்ளது. 2016 செப்டம்பரில் ஓரிகன் மாநிலத்தில் பிறந்த குழந்தையின் இரத்தத்தில் 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' பாக்டீரியா கண்டறியப்பட்டது. 11 நாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பிய குழந்தை, ஐந்தே நாள்களில் அதே தொற்றுடன் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. தாய்ப்பாலில் கிருமி இல்லை. தாய் நாள்தோறும் மூன்று வேளை விழுங்கிய நஞ்சுக்கொடி மாத்திரையில் இருந்தது. வீட்டிலிருந்த பிறரிடமிருந்தும் தொற்றியிருக்கலாம் என்றாலும், தயாரிப்பின்போது கிருமிகள் முழுமையாக அழிவதில்லை என்பதால் இம்மாத்திரையைத் தவிர்க்குமாறு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 ஜூனில் அறிவுறுத்தியது.

வீட்டிலேயே பிரசவம் நடந்த காலத்தில் நம்மவர்கள் நஞ்சுக்கொடியை மண்ணில் புதைத்தனர், உண்ணவில்லை. இன்று அம்பர்நாத் உள்பட நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்கு, 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் பொருந்தும். அவற்றின்படி, மனிதத் திசுக்கழிவுகள் மஞ்சள் பையில் சேகரித்து அழிக்கப்பட வேண்டும்.

இரும்புச்சத்துக்காக, பிரசவத்துக்குப் பின் 180 நாள்களுக்கு, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை அரசுத் திட்டத்தில் வழங்கப்படுகிறது. இரு வாரங்களைக் கடந்தும் மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும்.