செடி வளரும் வண்ண மீன் தொட்டி: அமைப்பும் பராமரிப்பும்

சிறு விவசாயிகள் குறைந்த இடத்தில் மேற்கொள்ளத்தக்க உபதொழில்களுள் வண்ண மீன் வளர்ப்பும் ஒன்று. சென்னை கொளத்தூர் வட்டாரத்தில் பல குடும்பங்கள் வீட்டுக் கொல்லையிலேயே சிமெண்டுத் தொட்டிகள் கட்டி இத்தொழிலை நடத்தி வருகின்றன. இதைக் கண்டு ஆர்வம் கொண்டு தொடங்குவோரில் சிலர், முதல் மாதத்திலேயே வாங்கிய மீன்களை எல்லாம் இழந்துவிட்டு, "நமக்கு இது ஒத்துவராது" என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

இந்த இழப்புக்குப் பெரும்பாலும் காரணம், நீர் பக்குவப்படும் முன்னரே மீனை விட்டுவிடுவதுதான். நாற்றங்காலைத் தயார் செய்யாமல் எந்த விவசாயியும் விதை விடுவதில்லை. மீன் தொட்டிக்கும் அதே விதிதான். எனவே சிமெண்டுத் தொட்டிகளில் பணத்தைப் போடுமுன், வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியை உயிர்ச் செடிகளுடன் அமைத்து, நீரின் குணத்தை அறிந்துகொள்வது நல்லது.

நீரில் நடப்பது என்ன?

மீன் வெளியிடும் கழிவிலிருந்தும், மிஞ்சிய தீவனம் அழுகுவதாலும் நீரில் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடும்போது இந்த நஞ்சின் வேகமும் கூடும். ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை, அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றுகின்றன. புன்செய் நிலத்தில் இட்ட யூரியாவும் மண்ணில் இதே வழியில்தான் மாறுகிறது.

இந்த நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். புதுத் தொட்டியில் முதல் நாளே 20 மீன்களை விட்டால், கழிவு சேரும். அதை மாற்றும் நுண்ணுயிர் இராது. நீர் தெளிவாகவே தோன்றும், மீன் மட்டும் சாகும்.

செடிகள் இங்கேதான் உதவுகின்றன. நீர்ச்செடிகள் அம்மோனியாவை நேரடியாகவே தழைச்சத்தாக எடுத்துக்கொள்ளும். பகலில் உயிர்வளியை வெளிவிடும். மீன் வெளிவிடும் கரிவளியை உணவாக்கிக்கொள்ளும். ஆனால் இரவில் செடியும் மீனைப் போலவே உயிர்வளியைச் செலவிடுகிறது. ஆகையால் விடியற்காலையில்தான் நீரில் உயிர்வளி மிகவும் குறைந்திருக்கும்.

செடியும் மீனும் சேர்ந்து நீரைச் சமன் செய்யும் என்பதை இங்கிலாந்து வேதியியலார் ராபர்ட் வாரிங்டன் 1850-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். சுமார் 12 காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தைப் பாதியளவு நீரால் நிரப்பி, அடியில் மணலும் சேறும் இட்டு, வாலிஸ்நேரியா செடியையும் இரண்டு சிறு தங்க மீன்களையும் அவர் வளர்த்தார். சில நாளில் பழுத்த இலைகள் அழுகி நீர் கெட்டது. அந்த இலைகளைத் தின்னும் நத்தைகளை விட்டபின் நீர் தெளிந்தது. செடியை நட்டால் மட்டும் போதாது, அழுகும் பகுதியையும் அகற்ற வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

தொட்டியும் இடமும்

தொடக்கத்திற்கு 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டி போதுமானது. இதன் கொள்ளளவு 54 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக சுமார் 40 லிட்டர் நீர் நிற்கும். இதைவிடச் சிறிய தொட்டியில் நீரின் குணம் விரைவில் மாறிவிடும் என்பதால், புதியவர்களுக்குச் சிறு ஜாடிகள் ஏற்றவை அல்ல.

நிரம்பிய தொட்டி 70 கிலோ வரை எடை காட்டும். ஆட்டம் இல்லாத, சமமட்டமான மேசை மீது வைத்து, அடியில் தெர்மாகோல் தகடு இட வேண்டும். நேர் வெயில் விழும் சன்னல் ஓரம் கூடாது. வெயில் பட்டால் பாசி பிடிக்கும், நீரும் சூடேறும்.

அடிமண்

தொழு உரமோ இரசாயன உரமோ இடாத தோட்ட மண்ணைச் சலித்து, அடியில் 2 செ.மீ. பரப்ப வேண்டும். அதன்மேல் நன்கு கழுவிய பருமணலை முன்புறம் 4 செ.மீ., பின்புறம் 6 செ.மீ. உயரத்திற்குச் சரிவாக இட வேண்டும். கடல் மணல் உதவாது. மணலில் சிறிது எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்குமானால் அதில் சுண்ணாம்பு உண்டு என்று பொருள். அதையும் தவிர்க்க வேண்டும்.

செடி செழிக்கட்டும் என்று யூரியாவோ சாண எருவோ இடுவது மீனைக் கொல்வதற்குச் சமம். மீனின் கழிவே செடிக்குப் போதுமான தழைச்சத்தைத் தரும்.

நீர்

குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது வெளியேறிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உயிர்வளி குறைவு. அதையும் ஒரு நாள் வைத்து, பலமுறை உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றிய பின் பயன்படுத்தலாம். கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருப்பது நல்லது. உப்புத்தன்மை பற்றி ஐயம் இருந்தால், பாசன நீரைப் பரிசோதிக்கும் மண் ஆய்வுக் கூடத்தில் ஒரு புட்டி நீரைக் கொடுத்து அறிந்துகொள்ளலாம்.

செடித் தேர்வும் நடவும்

உயரமாக வளரும் வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா ஆகியவற்றைப் பின்வரிசையிலும், வரப்போரங்களில் காணும் நீர்ப்பிரமியை நடுவிலும், குட்டையான கிரிப்டோகோரைன் செடியை முன்புறத்திலும் நடலாம். ஜாவா பெரணியைக் கல்லில் நூலால் கட்டிவிட வேண்டும். அதன் கிழங்கை மணலில் புதைத்தால் அழுகிவிடும். வாலிஸ்நேரியாவின் வேரை மட்டும் புதைத்து, குருத்தை மணலுக்கு மேல் விட வேண்டும்.

குளத்திலிருந்தோ கடையிலிருந்தோ கொணர்ந்த செடிகளில் நோய்க்கிருமிகளும் பூச்சிகளும் ஒட்டியிருக்கலாம். ஒரு கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஒரு லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 10 மில்லி வீதம் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் கலந்து, செடிகளை 10 நிமிடம் நனைத்து, நல்ல நீரில் அலசிய பின் நட வேண்டும்.

தொட்டி அடிப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை முதல் நாளே செடியால் நிரப்புவது முக்கியம். இங்கொன்றும் அங்கொன்றுமாக நட்டால் சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். கிரிப்டோகோரைன் இடம் மாறியதும் இலைகள் கரைந்து விழக்கூடும். செடி செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாமல் விட்டால், வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

நாளொன்றுக்கு 8 மணி நேரம் எல்.இ.டி. விளக்கின் ஒளி போதும். காற்றுக் குமிழி இயந்திரத்தில் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்று அமைத்துக்கொள்ள வேண்டும். இரவில் அது ஓடுவது அவசியம்.

மீன் விடும் காலம்

முதல் மூன்று வாரம் மீன் இன்றியே தொட்டியை நடத்த வேண்டும். நுண்ணுயிர்கள் வளர, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மிகச் சிறு சிட்டிகை மீன் தீவனம் தூவலாம். நோயில்லாத பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால், அதைப் புதுத் தொட்டியில் இடுவது தயிருக்கு உறை ஊற்றுவது போலப் பயன்படும்.

நான்காம் வாரம் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதனைப் பெட்டியால் பார்க்க வேண்டும். வண்ண மீன் கடைகளில் இப்பெட்டி கிடைக்கும். இரண்டும் இல்லை என்று காட்டினால், மூன்று அல்லது நான்கு மீன்களை மட்டும் விடலாம். காட்டாவிட்டால் பொறுத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் சென்றபின் மேலும் சிலவற்றைச் சேர்த்து, மொத்தம் 10 முதல் 12 சிறு மீன்களுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கப்பி, பிளாட்டி, வரிக்குதிரை மீன் ஆகியவை புதியவர்களுக்கு ஏற்றவை. தங்க மீன் செடிகளைக் கடித்துக் குதறும், கழிவும் அதிகம். எனவே இத்தொட்டிக்கு அது ஆகாது. மீன் வந்த பையை 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, பின் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பையில் கலந்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விட வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு

தீவனம்: காலை, மாலை இருவேளை. இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே இட வேண்டும். ஒரு வேளை பட்டினியால் மீன் சாவதில்லை. மிஞ்சிய தீவனத்தால்தான் பல தொட்டிகள் கெடுகின்றன.

வாரம் ஒருமுறை: கால் பங்கு நீரை, அதாவது 10 லிட்டரை, ரப்பர் குழாய் மூலம் அடியிலுள்ள கசடுடன் இறைத்துவிட்டு, ஆற வைத்த நீரை மெல்ல ஊற்ற வேண்டும். பழுத்த இலைகளைக் கிள்ளி எடுக்க வேண்டும். இறைத்த நீர் கீரைப் பாத்திக்கு நல்ல உரம்.

மாதம் ஒருமுறை: வடிகட்டிப் பஞ்சை, இறைத்த தொட்டி நீரிலேயே பிழிய வேண்டும். குழாய் நீரில் கழுவினால் குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியை முழுதும் காலி செய்து தேய்த்துக் கழுவுவது கூடாது. அப்படிச் செய்தால் முதல் நாள் நிலைக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

பாசி படர்ந்தால் ஒளியையும் தீவனத்தையும் குறைக்க வேண்டும். மீன்கள் விடியலில் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், உடனே கால் பங்கு நீர் மாற்ற வேண்டும். மின்தடை நீடித்தால் சொம்பால் நீரை மொண்டு மொண்டு ஊற்றலாம். உடலில் உப்புத் தூவியது போல வெண்புள்ளி கண்ட மீனைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து, லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு கலந்த நீரில் வைத்துப் பேண வேண்டும். தொட்டியிலேயே உப்பிட்டால் செடி பட்டுவிடும்.

விவசாயிகள் கவனிக்க

சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லக் கூடியவை. பயிருக்கு மருந்து கலக்கிய வாளி, குவளை, குழாய் எதையும் தொட்டி வேலைக்கு எடுக்கக் கூடாது. மருந்தடித்துவிட்டு வந்து தொட்டி நீரில் கை வைக்கக் கூடாது. மருந்தடித்த வயலின் வாய்க்கால் நீரும், தொட்டி உள்ள அறையில் கொசு மருந்து தெளிப்பதும் ஆகா.

மற்றொன்று, வேண்டாத மீனையும் செடியையும் ஏரி, குளம், வாய்க்காலில் விடவே கூடாது. அழகுக்காக வந்த தென்னமெரிக்க ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடியதை உழவர் அறிவர். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கப்படும் சக்கர் மீனும் அதே நாடுகளிலிருந்து வந்ததே. அது இன்று தமிழகத்து நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்து, மீனவருக்கு நட்டம் விளைவிக்கிறது. கத்தரித்த செடிகளை வெயிலில் காயவைத்து எருக்குழியில் இடலாம்.

அடுத்த படி

ஆறு மாதம் ஒரு தொட்டியை மீன் சாவின்றி நடத்தியவர், சிமெண்டுத் தொட்டியில் துணிந்து இறங்கலாம். கப்பி போன்ற குட்டியீனும் மீன்கள் ஏறக்குறைய மாதம் ஒருமுறை ஈனும். ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்று விட வேண்டும். தாய் மீனே குஞ்சைத் தின்றுவிடும் ஆதலால், குஞ்சுகள் ஒளிந்துகொள்ள ஹைட்ரில்லாவைக் கொத்தாக இட வேண்டும். வாலிஸ்நேரியாவின் ஓடுதண்டில் வரும் கன்றுகளைப் பிரித்து நட்டு, செடியையும் விற்பனைக்குப் பெருக்கலாம். புதிய சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் நீங்க, இரண்டு மூன்று வாரம் நீர் நிரப்பி அடிக்கடி வடித்து மாற்ற வேண்டும்.

பெரிய அளவில் தொடங்குமுன் மீன்வளத்துறை அலுவலகத்தையோ, தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தையோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிப் பயிற்சி விவரம் பெறலாம். அதற்கு முன் வீட்டிலுள்ள ஒரு தொட்டியில் செடி துளிர் விடுவதைப் பார்த்து, அதன்பின் மீனை விடும் பொறுமை கைவர வேண்டும். அது கைவந்தவருக்குத் தொழிலில் நட்டம் குறையும்.