படலத்துள் மறையும் கிருமிகள்

நீர்க்கடுப்பு மருந்தினால் தணிந்தபின் சில வாரங்களிலேயே மீண்டும் தலைகாட்டுவதைப் பலர், சிறப்பாகப் பெண்கள், அறிந்திருப்பார்கள். மருந்தில் குறையா, உண்டவரிடம் குறையா என்ற ஐயம் எழுவது இயல்பே. பல வேளைகளில் இரண்டுமன்று; கிருமியின் வாழ்க்கை முறையே காரணமாகும்.

இந்நோயைப் பெரும்பாலும் விளைவிப்பது, 1885-ஆம் ஆண்டில் தியோடர் எஷெரிக் என்னும் குழந்தை மருத்துவர் விவரித்த எஷெரிக்கியா கோலை என்ற பாக்டீரியா. குடலில் உள்ளவரை அது பொதுவாகச் சாதுவே. சிறுநீர்ப்பையை அடைந்ததும் தன் நுண்ணிழைகளால் உட்சுவரைப் பற்றிக்கொள்கிறது. அப்பிடி இல்லையேல் சிறுநீரே அதனை அடித்துச் சென்றுவிடும்.

குளத்துப் படிகளில் பாசி படர்வதைக் காண்கிறோம். நீர் அலைத்தாலும் அது எளிதில் அகல்வதில்லை. அவ்வாறே இக்கிருமிகளும் சர்க்கரைப் பொருள்களும் புரதங்களும் கலந்த பசையைச் சுரந்து, அதனுள் கூட்டமாக வாழ்கின்றன. இதனை உயிர்ப்படலம் என்பர். சுண்டெலிகளின் சிறுநீர்ப்பை உயிரணுக்களுக்கு உள்ளேயே இத்தகைய கூட்டங்கள் குடியேறுவதை 2003-இல் ஆய்வாளர்கள் கண்டனர்.

பசை மருந்தைத் தடுப்பது ஒரு பகுதியே. அதனினும் முக்கியமானது உள்ளிருக்கும் கிருமிகளின் உறக்கம். பெனிசிலின் வகை மருந்துகள், வளரும் கிருமி புதுச்சுவர் எழுப்புகையில்தான் அதனைத் தாக்குகின்றன. உணவும் ஆக்ஸிஜனும் குன்றிய அடியடுக்கில் வளர்ச்சியே இல்லாதபோது மருந்து எதனைத் தாக்கும்? மருந்து நின்றபின் அவை விழித்தெழுகின்றன.

இது பரம்பரையாக வரும் எதிர்ப்பாற்றல் அன்று. ஆனால் அதற்கும் படலம் இடந்தருகிறது. மருந்தைச் சிதைக்கும் நொதிக்குரிய மரபணுக்கள், பிளாஸ்மிட் என்னும் சிறு வளையங்களில் ஏறி, நெருங்கி வாழும் கிருமிகளிடையே கைமாறுகின்றன. இவ்வெதிர்ப்பு சந்ததிகளுக்கும் செல்கிறது. மருந்துக்கடையில் தாமாகவே நான்கு மாத்திரை வாங்கி விழுங்கும் நம் வழக்கம் இத்தகைய கிருமிகளுக்கே சாதகம்.

நோயாளிக்குப் பொருத்தும் சிறுநீர்க்குழாயிலும் படலம் விரைவில் படர்கிறது. புரோட்டியஸ் என்னும் கிருமி யூரியாவை அம்மோனியாவாக்கிச் சிறுநீரின் காரத்தன்மையை மிகுவிப்பதால், உப்புகள் படிந்து குழாய் அடைபடுவதும் உண்டு. ஆகவே குழாய் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்து, நோய்க்குறியும் தோன்றினால், மருத்துவர் பழையதை அகற்றிப் புதுக்குழாய் வழியாகவே சோதனைக்குச் சிறுநீர் எடுப்பார். பழைய குழாயின் நீர், அதன் சுவரில் வாழும் கிருமிகளைக் காட்டுமேயன்றி, நோயாளியின் சிறுநீர்ப்பையில் உள்ளவற்றைச் சரியாகக் காட்டாது.